வகுப்பு வாசலில்

செக்கானூரணி,
செவ்வாய்க்கிழமை, ஜூலை 1975

அன்பு மகனுக்கு,

மார்க் விஷயமாக நான் திட்டியதும் சொல்லாமல் கிளம்பிப் போன நீ கோயம்புத்தூரில் இருப்பது, உன் மாமா எழுதித்தான் தெரிந்தது. அங்கே வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? இங்கே நான் ஒருவன்தானே, சமையல் சீக்கிரம் முடிந்துவிடுகிறது.

உனக்கு மதுரையில் பி.யூ.சி. சீட் கிடைத்துவிட்டது. முதல் லிஸ்டிலும் இரண்டாவதிலும் உன் பேர் இல்லை. சிலர் வேறு காலேஜுக்குப் போய்விட்டதால், மூன்றாவது லிஸ்டில் வரலாறு குரூப் கிடைத்தது. மார்க்கைப் பற்றி இனி இந்த வீட்டில் பேச்சு கிடையாது.

வகுப்புக்கு வராதவனின் சீட்டை அடுத்தவனுக்குக் கொடுத்துவிடுவார்களாம். அதனால் இன்று நானே பஸ் ஏறிப் போய் வகுப்பு வாசலில் நின்றேன். வாத்தியார் உன் பேரை வாசித்தார். யாரும் பதில் சொல்லவில்லை. அவர் மறுபடி வாசித்ததும், என்னை அறியாமல் "இருக்கேன்யா!" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன்.

பையன்கள் சிரித்தார்கள். வாத்தியார் வெளியே வந்து, "யாரு பெரியவரே நீங்க?" என்றார்.

"அவன் அப்பன்யா. அவன் வர்ற வரைக்கும் நான் வந்து நிக்கிறேன். சீட்ட மட்டும் யாருக்கும் குடுத்துறாதீங்க."

அவர் சிரிக்கவில்லை. "திங்கக்கிழமை வரைக்கும் பாப்போம்" என்றார்.

திங்கட்கிழமையும் அந்த வாசலில்தான் நிற்பேன். நீ உள்ளே உட்கார்ந்திருந்தால், நான் வாயே திறக்க மாட்டேன்.

உன் அப்பா