மெஹிட்டபெலின் கல்

அக்டோபர் 3, 1998, சனி

அடுப்பில் பீன்ஸ் வெந்துகொண்டிருக்கிறது. மேசையில் லோயிஸின் விண்ணப்பம். என் சிநேகிதி ரொவேனாவின் மகள் ஒருவழியாக எங்கள் முதற்குடியேறிகள் சங்கத்தில் சேர மனம் வைத்திருக்கிறாள். முதல் கப்பலில் வந்தவர்களின் வம்சத்தாருக்கு மட்டுமே அதில் இடம். பதிவாளரான நான் கையெழுத்துப் போட்டால் நவம்பர் 21 விருந்தில் அவளுக்குப் பதக்கம் குத்திவிடுவார்கள். அவர்கள் வம்சக் கோடு 1926-லேயே ஏற்கப்பட்டது. முதல் கப்பலில் வந்தவரின் பேரன் ஜோசையா வின்ஸ்லெட், அவர் மகள் மெஹிட்டபெல், அங்கிருந்து ஒன்பது தலைமுறை. ரொவேனாதான் பதினாறு வருஷமாகச் சங்கத் தலைவி. இதில் நான் பார்க்க என்ன இருக்கிறது?

அக்டோபர் 6

நேற்றுப் புயலில் கல்லறைத் தோட்டத்து எல்ம் மரம் சாய்ந்துவிட்டது. வேரோடு ஒரு சின்னக் கல்லும் மேலே வந்திருக்கிறது. 'ஜோசையா வின்ஸ்லெட்டின் மகள் மெஹிட்டபெல். வயது 2. 1689.'

மூன்று முறை படித்தேன். இரண்டு வயதில் செத்த குழந்தை, எங்கள் பதிவில் இருப்பதுபோல் 1712-இல் எப்படிக் கல்யாணம் பண்ணும்?

அக்டோபர் 8

செத்த பிள்ளையின் பெயரை அடுத்த பிள்ளைக்கு வைப்பது இங்கே புதிதல்ல. எனக்கே அப்படித்தான் வைத்தார்கள். நான் பிறக்கும் முன்பே செத்துப்போன அக்காவும் யூனிஸ்தான். அதனால் இரண்டு நாளாகத் தேடினேன். எங்கள் தேவாலயப் பதிவேட்டில் இரண்டாவது மெஹிட்டபெல் இல்லை. ஊரில் வின்ஸ்லெட் என்ற பெயரில் இன்னும் மூன்று வீடுகள் இருந்தன. 1712-இல் கல்யாணம் ஆன மெஹிட்டபெல் அதில் எந்த வீட்டுப் பெண்ணோ. இல்லை என்றால் இல்லைதானே? இல்லையா?

அக்டோபர் 11

ரொவேனாவிடம் சொல்லிவிட்டேன். முதலில் சிரித்தாள். "கப்பல்ல இருந்து இறங்கினப்போ கரையில நின்னு பார்த்தாங்களே இந்த மண்ணுக்காரங்க, அவங்களைக் கேட்டா நாம யாருமே முதல் இல்லடி. விடு."

"கமிட்டிக்கு எழுதணும், ரொவேனா."

சிரிப்பு நின்றது. "எழுதித்தான் ஆகணுமா?"

"விதி அப்படி."

அவள் எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்தாள். நான் காப்பியை முடிக்காமல் வந்துவிட்டேன்.

அக்டோபர் 12

அந்தக் கல்லைப் படித்தபோது எனக்குள் ஒரு துளி சந்தோஷம் இருந்ததோ? பதினாறு வருஷமாக அவள் தலைவி, நான் பதிவாளர். சீ, இருக்காது. தெரியவில்லை.

அக்டோபர் 19

மெஹிட்டபெலின் வம்சக் கோட்டைக் கமிட்டி மூடிவிட்டது. அந்தக் கோட்டில் வந்த எல்லாரும் வெளியே. ரொவேனா பதக்கத்தைத் தபாலில் அனுப்பிவிட்டாள். உறைக்குள் ஒரு வரிகூட இல்லை. பின்னூசியில் அவள் நீலக் கம்பளிச் சட்டையின் நூல் ஒட்டியிருந்தது.

அக்டோபர் 25

கடையில் வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தேன். எதிரே ரொவேனா. கூடையை அப்படியே வைத்துவிட்டு வெளியே போய்விட்டாள். பின்னாலேயே வந்த லோயிஸ், "அம்மா ராத்திரியெல்லாம் தூங்கறதில்ல, ஆன்ட்டி. 'அப்ப நான் யாரு'ன்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க" என்றாள். என்னத்தைச் சொல்வேன்? வெங்காயத்துக்குக் காசு கொடுத்தேனா என்றுகூட நினைவில்லை.

நவம்பர் 2

ஓய்வூதியத்துக்குப் பிறப்புச் சான்றிதழ் கேட்டிருந்தார்கள். ஊர் அலுவலகத்தில் புத்தகத்தைப் புரட்டிய பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "யூனிஸ் ஹோல்ப்ரிக்னு ஒருத்திதான் இருக்கா. 1936-லேயே இறந்துட்டா. நீங்க யாரும்மா?"

இருவரும் சிரித்தோம். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. இந்த ஊர்ப் புத்தகப்படி நான் இரண்டு வயதில் செத்தவள்! அம்மா சொல்லியிருக்கிறாள். முதல் குழந்தை போன அறையில் இன்னொன்றைப் பெற அவளுக்குப் பயம். வயிற்றில் நான் வந்ததும் பிறந்த வீட்டுக்கே போய்விட்டாளாம். என் சான்றிதழ் அங்கேதான் இருக்கும்.

ஐயோ. ஜோசையாவின் மனைவிக்குப் பிறந்த வீடு எது?

நவம்பர் 5

ஸ்டோன்ஹேவன், பக்கத்து ஊர். காரில் இருபது நிமிஷம். இருபதே நிமிஷம்! அங்குள்ள தேவாலயப் பதிவேட்டில் பழுப்பேறிய ஒரு பக்கம்: 'மெஹிட்டபெல், ஜோசையா வின்ஸ்லெட்டின் மகள், தாயின் தந்தை வீட்டில் பிறந்தவள், ஞானஸ்நானம், மே 1691.' அங்கேயே உட்கார்ந்து அழுதேன். காவலாளி தண்ணீர் கொண்டுவந்தார்.

நவம்பர் 6

ரொவேனா வலைக்கதவைத் திறக்கவில்லை. "அங்கேருந்தே படி" என்றாள். நகலைப் படித்தேன்.

"சரி. இப்ப எனக்கு மறுபடியும் உயிர் வந்துடுச்சா?"

"கமிட்டிக்கு எழுதிட்டேன். கோட்டைத் திறந்துடுவாங்க. பதக்கம்—"

"லோயிஸுக்குக் கொடு, அவ ஆசைப்படறா. எனக்கு வேண்டாம். நாற்பது வருஷமா என் சமையல்கட்டுல காப்பி குடிச்சவ நீ. ஒரு கல்லைப் பார்த்ததும் என்னை யாரோ ஆக்கிட்டியே? பக்கத்து ஊர்ல தேடணும்னு அப்ப ஏன் தோணல உனக்கு?"

"தெரியல, ரொவேனா."

அதுதான் நிஜம். இரண்டு நாள் தேடினேன். மூன்றாவது நாள் ஏன் தேடவில்லை? மன்னிப்பு கேட்டேன். உள்கதவைச் சாத்திக்கொண்டாள்.

நவம்பர் 21, சனி

லோயிஸுக்குப் பதக்கம் குத்தியது நான்தான். விரலில் ஊசி ஏறிவிட்டது. தலைவியின் நாற்காலி காலி.

நவம்பர் 22

ஆராதனை முடிந்து கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். குழந்தை மெஹிட்டபெலின் கல்லை யாரோ நிமிர்த்தி நட்டுக் கழுவியிருக்கிறார்கள். அடியில் ஒரு தொட்டியில் மஞ்சள் சாமந்தி. ரொவேனா வீட்டுத் தோட்டத்துச் சாமந்தி எனக்குத் தெரியாதா?

திரும்பும் வழியில் அக்காவின் கல். வருஷத்துக்கு ஒருமுறை வந்தால் அதிகம். எழுத்தெல்லாம் பாசி மூடிக் கிடந்த கல். இன்று தேய்த்துக் கழுவியிருந்தது. 'யூனிஸ்' என்பது தெளிவாகத் தெரிந்தது. ஈரம்கூடக் காயவில்லை. அடியில் இன்னொரு மஞ்சள் சாமந்தித் தொட்டி.

கல்லறைத் தோட்டத்து வாசலில் ரொவேனாவின் கார் நின்றது. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அவள் என் பக்கம் திரும்பவில்லை; கையை மட்டும் நீட்டி அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டாள். நான் ஏறிக்கொண்டேன்.