கானில் வந்த கிணற்றுத் தண்ணீர்

செப். 3, புதன்
புழுக்கம். காலை யாழ்ப்பாண பஸ்ஸில் தம்பி. கண் ஒப்பரேஷனுக்கு வந்தவன் கையில் பெரிய பிளாஸ்டிக் கான். நல்லெண்ணெய் என்று ஆசைப்பட்டேன். வயல் கிணற்றுத் தண்ணீராம். உப்பு.

இவர் விடுவாரா? “கடற்கரை வெள்ளவத்தைக்கு உப்புத் தண்ணி கொண்டு வந்த ஒரே ஆள் நீதான்.”

“அது உங்கட கடல் அத்தான். இது என்ர கிணறு.”

மழை பிந்தப் பிந்தக் கடல் கிணற்றுக்குள்ளே வருகிறது. இரண்டு போகம் முளைத்த நெல் கருகிவிட்டது. இம்முறை மூன்று வகை விதைநெல் கொண்டு வந்திருக்கிறான். இந்தத் தண்ணீரில் எது நிற்கிறதோ, அதைத்தான் விதைப்பானாம். பல்கனியில் மூன்று ஐஸ்கிறீம் பெட்டியில் மண் நிரப்பி, வகைக்கு ஒன்றாகப் போட்டாயிற்று.

“இந்த முறையும் கருகினா காணிய விட்டிட்டு உங்களோடயே வந்திடுவன் அக்கா.” சிரித்துக்கொண்டுதான் சொன்னான். வந்தால் நல்லதுதானே என்று நினைத்தேன். பிறகு வெட்கமாகப் போய்விட்டது.

வாங்க: மீன், தேசிக்காய், சவர்க்காரம்.

செப். 6, சனி
ஒப்பரேஷன் நல்லபடி முடிந்தது. குனியக் கூடாதாம். பெட்டிகளுக்குக் கான் தண்ணீர் ஊற்றுவது இவர் பொறுப்பு. உடுப்புக் காயப்போட இடமில்லை என்று புறுபுறுத்த மனுஷன், இப்போது தேத்தண்ணிக்கு முன்னமே பல்கனியில்.

செப். 12, வெள்ளி
மூன்று பெட்டியும் பச்சைப் பசேல்! மூன்றாவது வகைதான் கூடுதலாக விளையுமாம். வயல் முழுக்க அதுதான் என்று தம்பி ஊரிலிருக்கும் மனைவிக்குப் போன்.

பின்னேரம் பல்கனி கழுவக் கானைத் தூக்கினேன். கிட்டத்தட்ட நிறைந்தபடியே இருந்தது.

“வாடிப்போய்க் கிடந்துதுகள். பாவமா இருந்துது. குழாய்த் தண்ணி விட்டனான்” என்றார் இவர். கலியாணம் கட்டிய நாளிலிருந்து ஒரு பூச்சாடிக்குத் தண்ணீர் ஊற்றாதவர். ஏசவா, கட்டிப்பிடிக்கவா?

இரவுச் சாப்பாட்டில் அவரே தம்பியிடம் சொன்னார். தம்பி பிசைந்த சோற்றைக் காட்டினான்.

“அதுகளுக்கு இரக்கம் பாத்தா, நான் என்னத்தை அத்தான் சாப்பிடுறது?”

கை கழுவிவிட்டுத் திரும்பவும் போன்: “விதைநெல் வாங்காதையும். பொறும்.”

செப். 14, ஞாயிறு
மூன்று பெட்டியிலும் அதே வகைகளில் புது நெல் போட்டாயிற்று. தம்பியின் பயணம் தள்ளிப் போயிற்று. கான் தண்ணீரை இவரே ஊற்றுகிறார், முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு.

செப். 24, புதன்
மழை. ஒன்றாம் பெட்டி சருகு. மூன்றாவதும் சருகு. ஓம், வயல் முழுக்க விதைக்க இருந்த அதே மூன்றாவது வகை. இரண்டாவதில் பாதிக்கு மேல் நிற்கிறது. நுனி மஞ்சள்தான், ஆனாலும் நிற்கிறது.

“காணிய விடப்போறதில்லை அக்கா.” இன்றிரவு பஸ். எனக்குச் சந்தோஷம், அழுகை, இரண்டும்.

பல்கனியில் இவர். ஒரு கையில் சருகுப் பெட்டி, மறு கையில் செம்பு நிறையக் குழாய்த் தண்ணீர்.

“இனி இதுகளுக்கு ஊத்தலாம்தானே?”

தம்பி எழும்பிப் போய், செம்பை வாங்கித் தானே ஊற்றினான்.