கை கழுவும் இடத்துப் பக்கத்து மேசை

தாராவி
11-2-2024

மெஹக் என்ற பெண்ணுக்கு,

மாரீஸ்வரனின் மனைவி பானுமதி எழுதுவது. நலம் கேட்டு எழுதும் கடிதம் இல்லை இது. நீ கொடுத்த நம்பருக்குப் போன் செய்யலாம் என்று பல தடவை எடுத்தேன். அழுகை முந்திக்கொண்டு வருகிறது. அழுகிறவளிடம் யாரும் நியாயம் பேச மாட்டார்கள். அதனால் எழுதுகிறேன். ஏழாவது வரைதான் படித்தேன், அதை வைத்துப் படித்துக்கொள்.

என் வீட்டுக்காரர் சயான் ஸ்டேஷன் படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் நீ வந்தாய். எல்லாருக்கும் பின்னால் நின்று அழுதாய். தேவ்நார் கிளினிக்கில் அவரோடு கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவள் என்றாய். அங்கிருந்து இன்னும் பலர் வந்தார்கள். ஒருத்தர் கண்ணும் உன் கண் மாதிரி வீங்கியிருக்கவில்லை. போகும்போது அவருடைய சாப்பாட்டு டப்பாவை என் கையில் கொடுத்தாய். விலாசத்தையும் நம்பரையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தாய்.

டப்பாவைத் திறந்து மோந்து பார்த்தேன். பெண்டாட்டி அப்படித்தான் செய்வாள், சிரிக்காதே. அது கழுவியிருந்தது. என் வீட்டுச் சோப்பு இல்லை, எலுமிச்சை வாடை. அவர் விழுந்த அன்று காலை நான் கட்டிக் கொடுத்த டப்பா உன் வீட்டுக்கு எப்படி வந்தது?

மாட்டுங்காவில் பூ விற்கிற விஜயலட்சுமி எங்கள் சந்துக்காரி. காரியம் முடிந்த பிறகுதான் வாயைத் திறந்தாள். “யக்கா, சொன்னா கோவிக்காத. அண்ணன் ஒரு பிள்ளைகூட அங்கன ஹோட்டல்ல உக்காந்திருப்பாவ. ஒரு நாளுன்னா சொல்லவே மாட்டேன். பாக்குறப்பல்லாம் இருந்தாவ” என்றாள்.

என்னிடம் அவர் சொன்னது ஓவர்டைம். கணபதி பண்டிகை முடிந்ததிலிருந்து ஓவர்டைம்.

செத்தவரிடம் கேட்க முடியாது. உன்னிடம் கேட்கிறேன். உனக்கும் அவருக்கும் என்ன? பொய் எழுதுவதாக இருந்தால் எழுதாதே. எனக்கு அவரை நினைத்து அழுவதா, திட்டுவதா என்று தெரியவேண்டும். இரண்டையும் ஒன்றாகச் செய்ய முடியவில்லை.

பானுமதி


செம்பூர்
17-2-2024

தங்கச்சி பானுமதிக்கு,

மெஹக்கின் உம்மா மைதீன் பீவி எழுதுவது. உங்கள் வீட்டில் விழுந்த இடிக்கு நான் என்ன ஆறுதல் சொன்னாலும் காணாது. நானும் அந்த இடி விழுந்தவள்தான்.

என் மகளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. இங்கிலீஷ் ஸ்கூல். தமிழில் எந்தக் காகிதம் வந்தாலும் நான்தான் படித்துச் சொல்வேன். உங்கள் கடிதத்தையும் அப்படித்தான் வாசலில் வாங்கி, ஊர்க் கல்யாணச் சேதி என்று நினைத்து, சத்தம் போட்டுப் படித்தேன். பக்கத்தில் என் கொழுந்தனார் இனாயத்துல்லா டீ குடித்துக்கொண்டிருந்தார். மெஹக்கின் வாப்பா போன பிறகு எங்களுக்கு அவர்தான் எல்லாம். அவளுக்கு மாப்பிள்ளை பார்ப்பதும் அவர்தான். துக்கக் கடிதம் என்று தெரிந்தும் நிறுத்தவில்லை; “உன் வீட்டுக்கு எப்படி வந்தது” என்ற இடத்தில்தான் நீங்கள் என்ன கேட்கிறீர்கள் என்று எனக்கே விளங்கியது. நாக்கை இழுத்துக்கொண்டேன். அதற்குள் அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

“மதினி, மிச்சத்தையும் படிங்க” என்றார்.

படித்தேன். அன்று முதல் மெஹக் வேலைக்குப் போகவில்லை. அவர் அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

மறைக்காமல் எழுதுகிறேன், எனக்கும் அவள் சொன்னது ஓவர்டைம்தான். அதனால் நீங்கள் கேட்டதை நானும் கேட்டேன். உங்களைவிடக் கடுமையாகக் கேட்டேன். கிளினிக் கம்ப்யூட்டருக்கு ஒரு கருவி தேர்ந்தெடுக்கத்தான் அந்த ஹோட்டலில் உட்கார்ந்தார்களாம். எல்லாம் ஓசியில் கிடைக்கிற கருவிகளாம். எது நல்லது என்று பார்த்தார்களாம். “இத சொன்னா நீ நம்பிருப்பியாம்மா?” என்கிறாள். நம்பியிருக்க மாட்டேன். இப்போதும் முழுசாக நம்பவில்லை.

டப்பா மட்டும் எனக்குத் தெரியும். அந்தக் கடைசி நாள் சாயங்காலம் உங்கள் வீட்டுக்காரர் அதை ஹோட்டல் மேசையிலேயே விட்டுவிட்டு ரயிலுக்கு ஓடினாராம். மெஹக் எடுத்து வந்தாள். சாப்பிட்ட பாத்திரம் ராத்திரி முழுக்கக் காயக்கூடாது என்று நான்தான் கழுவி வைத்தேன். எலுமிச்சை சோப்பு என்னுடையது.

மைதீன் பீவி


தாராவி
22-2-2024

பீவி அக்காவுக்கு,

உங்கள் கையெழுத்து என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது. அதுவே எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. மகளுக்காகத் தாய் எழுதினால் நன்றாகத்தான் எழுதுவாள். நானாக இருந்தாலும் எழுதுவேன்.

என்ன கருவி? எனக்கு அரிவாள்மனை வேண்டுமென்றால் கடைக்குப் போவேன், விரலை வைத்துப் பார்ப்பேன், வாங்கி வருவேன். கணபதியிலிருந்து பொங்கல் நெருங்குகிறவரை யாராவது கருவி பார்ப்பார்களா? அதுவும் ஓசி என்கிறீர்கள். ஓசியில் கிடைத்தால் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ள வேண்டியதுதானே, இதில் தேர்ந்தெடுக்க என்ன இருக்கிறது? ஓசியில் கொடுக்கிறவன் எதற்குக் கொடுக்கிறான்? தாராவியில் குழாய்த் தண்ணீர்கூட ஓசியில் வராது அக்கா. கிளினிக்கில் செய்யவேண்டிய வேலையை ஹோட்டலில் ஏன் செய்தார்கள்? ஒன்றைக் கேட்டால் ஒன்பது வருகிறது.

உங்கள் மகளை உட்கார வைத்துக் கேளுங்கள். அவள் சொல்வதை அப்படியே எழுதுங்கள். அழகு பண்ண வேண்டாம்.

இன்னொன்று. இதை அவளிடம் கேட்க வேண்டாம், உங்களிடம் கேட்கிறேன். டப்பாவை நீங்கள் கழுவியது நிஜம் என்றால், அதில் மிச்சம் இருந்ததா? அன்று காலை எனக்கும் அவருக்கும் வாய்ச்சண்டை. அந்த ஓவர்டைமைப் பற்றித்தான். டப்பாவை டங்கென்று வைத்தேன். அவர் சாப்பிட்டாரா என்று எனக்குத் தெரியாது.

பானுமதி


செம்பூர்
1-3-2024

தங்கச்சி பானுமதிக்கு,

முதலில் டப்பா. சோறு இல்லை, குழம்பு இல்லை, வழித்துச் சாப்பிட்டிருந்தார். மூடியின் உள்பக்கம் கறிவேப்பிலையை மட்டும் ஒதுக்கி வரிசையாக ஒட்டி வைத்திருந்தது. யாரோ குழந்தை மாதிரிச் சாப்பிடுகிற ஆள் என்று நினைத்துக்கொண்டே கழுவினேன்.

இனி மெஹக் சொல்வது. அவள் சொல்லச் சொல்ல எழுதுகிறேன். நடுவில் நான் பேசினால் அதையும் எழுதிவிடுகிறேன்.

கிளினிக் கம்ப்யூட்டரில் நோயாளிகளின் பெயர், வயது, போன் நம்பர், மருந்து எல்லாம் கட்டம் கட்டமாக இருக்குமாம். திடீரென்று டாக்டர், இனிமேல் வீட்டு ஆளின் நம்பரும் வேண்டும் என்பார். உடனே புதுக் கட்டம் போடவேண்டும். வெளியே வரிசையில் ஜனம் நிற்கும்போதே போடவேண்டும். “நம்ம தாராவியில கீழ ஆளு படுத்திருக்கும்போதே மேல மாடி ஏத்துதோம்லா, அதேதான் இது” என்பாராம் மாரி அண்ணன். அண்ணன் என்றுதான் சொல்கிறாள்.

போன மழைக்காலத்தில் அவர் கையாலேயே கட்டத்தை மாற்றும்போது போன் நம்பர் கட்டம் முழுக்கப் போய்விட்டதாம். பழைய நகலிலிருந்து பழைய நம்பர்கள் வந்தன. அன்று புதிதாக வந்தவர்களின் நம்பர் போனது போனதுதான். அவர்களுக்கு ரிசல்ட் சொல்லவேண்டும். மாரி அண்ணன் வேலை முடிந்து தேவ்நார் சந்துகளில் பெயரைச் சொல்லி விசாரித்துக்கொண்டு நடந்தாராம். ஒரு அம்மா மட்டும் கடைசிவரை கிடைக்கவில்லையாம்.

(நான் எழுதுவது: இதை உங்களிடம் சொல்லியிருந்தாரா? சொல்லியிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.)

அதற்குப் பிறகுதான் கையால் மாற்றக் கூடாது, ஒரு கருவி வேண்டும் என்று பிடித்துக்கொண்டாராம். மேலாளர், ஓடுகிற வண்டியை ஏன் நிறுத்துகிறாய் என்றார். ஆறு மணிக்குக் கிளினிக்கைப் பூட்டிவிடுவார்கள். அதனால் ஹோட்டல். ஓசி பற்றிக் கேட்டீர்கள். செய்தவர்கள் உள்ளே எப்படி இருக்கிறது என்பதை எல்லாருக்கும் திறந்து காட்டிவிட்டார்களாம். யாரும் பார்க்கலாம், சரிசெய்யலாம். (சமையல் பக்குவத்தை ஒளிக்காமல் சொல்கிறவர்களும் உண்டுதானே, அதுபோல என்று நான் எடுத்துக்கொண்டேன்.)

மூன்று கருவிகள். ஃப்ளைவே என்று ஒன்று. ஒவ்வொரு மாற்றத்தையும் ஒரு காகிதம் போல எழுதி நம்பர் போடவேண்டும். வரிசையாக ஓடும். ஓடி முடிந்ததில் கை வைத்தால் கத்தும். தப்பாகிவிட்டால் அடுத்த நம்பர் போட்டுப் புதிதாக எழுதிச் சரிசெய்யவேண்டும். அதில் ஓசியில் கிடைக்கிற வகையில் செய்ததைத் திருப்புகிற வழி இல்லை. லிக்விபேஸ் என்று ஒன்று. எழுதினவர் பெயரையும் போடவேண்டும், திரும்புகிற வழியையும் எழுதி வைக்கலாம். மூன்றாவது ஸ்க்விச். ஒவ்வொரு மாற்றத்துக்கும் மூன்று துண்டு எழுதவேண்டும்: செய்வது, செய்ததைத் திருப்புவது, சரியாக நடந்ததா என்று சோதிப்பது.

மெஹக்குக்கு மூன்றாவதுதான் வேண்டும். அவருக்கு முதலாவது. அதற்குத்தான் இத்தனை நாள். நகல் ஒன்று வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கருவியையும் ஓட்டி, வேண்டுமென்றே உடைத்துப் பார்த்துச் சண்டை போட்டார்களாம். கடைசி நாளும் சண்டை. அந்தக் கோபத்தில்தான் டப்பாவை விட்டுப் போனார். “நான் கத்தாம இருந்திருந்தா” என்று சொல்லி இந்த இடத்தில் அழுகிறாள். உங்கள் வீட்டில் அவள் அழுததும் இதற்குத்தான்.

நான் நம்புகிறேனா? பாதிக்கு மேல் நம்புகிறேன். ஆனால் என் நம்பிக்கையை இனாயத்துல்லா கேட்கமாட்டார். பெற்றவள் சொல்வதற்கு என்ன விலை? நீங்கள் உங்கள் கையால் ஒரு வார்த்தை எழுதினால் அவளை வேலைக்கு அனுப்புவார். இல்லையென்றால் வருகிற முதல் மாப்பிள்ளைக்குக் கட்டி வைத்துவிடுவார். வேண்டுமானால் உங்கள் முதல் கடிதத்தை அடுப்பில் போட்டுவிடுகிறேன். நீங்கள் அதை எழுதவே இல்லை என்று வைத்துக்கொள்வோம்.

மைதீன் பீவி


தாராவி
9-3-2024

பீவி அக்காவுக்கு,

கறிவேப்பிலை என்று படித்ததும் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். அடுத்த நாள்தான் மிச்சம் படித்தேன். அவர் ஒதுக்குவார், மூடியில்தான் ஒட்டி வைப்பார். இதை நீங்கள் கற்பனை பண்ணி எழுத முடியாது. சண்டைக்குப் பிறகும் சாப்பிட்டிருக்கிறார்.

மற்றதையெல்லாம் அப்படியே நம்பிவிடவில்லை. மாட்டுங்காவுக்குப் போனேன். விஜயலட்சுமி ஹோட்டலைக் காட்டிவிட்டுப் பூக்கடைக்கு ஓடிவிட்டாள். அங்கே மேசை துடைக்கிறவர் பூதத்தான் என்று நம்ம பக்கத்து ஆள். என் வீட்டுக்காரர் போட்டோவைக் காட்டினேன், நான் யார் என்று சொல்லவில்லை.

“அட, நம்ம திரும்பாது அண்ணாச்சில்லா!” என்றார்.

அது என்ன பெயர் என்று கேட்டேன்.

“அந்தப் பிள்ள ‘வாபஸ் வேணும், வாபஸ் வேணும்’னு நிக்கும். இவரு, ‘ஏளா, கட்டம் வாபஸ் வரும், உள்ள இருந்த நம்பர் வருமா? வெறுங் கட்டத்த வச்சு என்னத்துக்கு? போனது திரும்பாது, திரும்பாது’ம்பாரு. எங்க முதலாளியே வந்து, ‘பாய், தோடா ஆஹிஸ்தா, கொஞ்சம் மெதுவா, கஸ்டமர் பயப்படுதான்’னு சொல்லிட்டுப் போவாரு.”

விட்டேனா நான். எந்த மேசையில் உட்காருவார்கள் என்று கேட்டேன். கை கழுவும் இடத்துக்குப் பக்கத்து மேசையைக் காட்டினார். வருகிறவன் போகிறவன் எல்லாம் கையை உதறுகிற இடம்.

“அங்கதான் கம்ப்யூட்டர் சொருக ப்ளக்கு இருக்கு. நல்ல மேச காலியா கெடந்தாலும் போக மாட்டாவ. ஏன் மதினி, இஷ்டப்பட்டு வாரவன் அங்கயா உக்காருவான்? அஞ்சு நிமிசத்துல சட்டையெல்லாம் எச்சத் தண்ணி.”

அந்த மேசையில் நானும் உட்கார்ந்து பார்த்தேன் அக்கா. என் முந்தானையிலும் தண்ணீர் தெறித்தது. சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது அவர் சட்டைத் தோள் ஈரமாக இருக்கும். ரயிலில் வேர்த்தது என்று நினைத்துத் துவைப்பேன். அவர் போன பிறகு அந்த ஈரத்தைக்கூட வேறுமாதிரி நினைத்தேன்.

எழுந்திருக்கும்போது பூதத்தான், “அண்ணாச்சி இப்ப வாரதே இல்லயே, நல்லாருக்காவளா?” என்றார். என் வாய் தானாக, “நல்லாருக்காவ” என்று சொல்லிவிட்டது. அங்கேயாவது இருக்கட்டும்.

மெஹக்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுத மாட்டேன். தேவ்நார் சந்தெல்லாம் நடந்ததை அவளிடம் சொல்லியிருக்கிறார், என்னிடம் சொல்லவில்லை. நான் என்ன சொல்லியிருப்பேன் என்று பயந்தாரோ. அது எனக்கும் அவருக்கும் உள்ள வழக்கு. உங்கள் மகள் அதில் இல்லை.

அவள் கத்தியதற்காக அழவேண்டாம் என்று சொல்லுங்கள். அன்று காலை முதலில் கத்தியது நான். எந்தக் கருவி என்று சொல்ல எனக்குத் தெரியாது. அவர் சொன்னது சரி, வெறுங் கட்டம் திரும்பி வந்து என்ன பிரயோஜனம். ஆனால் மூன்றாவதில் சோதித்துப் பார்க்கிற துண்டு ஒன்று உண்டு என்றீர்களே, அது எனக்குப் பிடித்திருக்கிறது. என் புத்திக்கு அதுதான் ஒத்துவரும். அவள் போய் ஏதாவது ஒன்றை வைக்கட்டும். இன்னொரு அம்மா கிடைக்காமல் போகக்கூடாது.

முதல் கடிதத்தை அடுப்பில் போட வேண்டாம். போட்டால் காகிதம்தான் போகும், இனாயத்துல்லா அண்ணன் காதில் விழுந்தது போகாது. அதை அப்படியே வைத்திருங்கள், இதை அதன் பின்னால் வையுங்கள். அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்து, டீ கொடுத்து, முதலில் அதைப் படியுங்கள். பிறகு இதைப் படியுங்கள். வரிசை மாறவேண்டாம்.

இதையும் சத்தம் போட்டுப் படியுங்கள்: மெஹக் என் வீட்டுக்காரரோடு வேலை பார்த்தவள். நல்ல பிள்ளை. நான் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன்.

மாரீஸ்வரன் மனைவி
பானுமதி