உன் காரில் லாரி இன்ஜின் போட்டுவிட்டேன்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நீ, மாப்பிள்ளை, குட்டிப் பயல், உன் அம்மா எல்லாரும் சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையோடு ஆரம்பிக்கிறேன். நானும் சுகம்தான், வலது முழங்கால் மட்டும் அதை ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறது. ஃபோன் இருக்கும்போது இந்த மனுஷன் எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். ஃபோனில் நீ ஒரு கையில் பால் புட்டியும் ஒரு கையில் ஆபீஸ் வேலையுமாக நிற்கிறாய், பக்கத்தில் உன் அம்மா இருக்கிறாள், பயல் ஃபோனைப் பிடித்து இழுக்கிறான், எனக்குப் பாதி நேரம் உங்கள் வீட்டுக் கூரைதான் தெரிகிறது. அந்தக் கூரையைப் பார்த்து, நான் நல்லா இருக்கேன், நீங்க நல்லா இருங்க என்று சொல்லி வைத்துவிடுகிறேன். இதில் எழுதப்போவது கூரையிடம் சொல்லக்கூடிய விஷயம் இல்லை. அதனால்தான் உன் ஆபீஸ் முகவரிக்கு அனுப்புகிறேன். முதலில் நீ மட்டும் படி.

குற்றத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். உன் சிவப்புக் காரை வருகிறவனுக்கு விற்றுவிடச் சொல்லியிருந்தாய். நான் விற்கவில்லை. வந்து பார்த்த இரண்டு பேரையும், இது ஓடாது, ஓடினாலும் நிற்காது என்று பயமுறுத்தி அனுப்பிவிட்டேன். நீ முதல் வேலையில் சேர்ந்து ஆசை ஆசையாக வாங்கின வண்டி, இரண்டே சீட்டு உள்ள வண்டி, ஊரே திரும்பிப் பார்க்கும் வேகத்தில் போன வண்டி. ஆயில் விளக்கு எரிகிறது என்று தெரிந்தும், வீடு பக்கத்தில்தானே என்று நீ ஓட்டி வந்தாய், இன்ஜின் பக்கவாட்டில் ஓட்டை போட்டுக்கொண்டு உயிரை விட்டது. நான் அன்று உன்னைத் திட்டியது உனக்கு ஞாபகம் இருக்கும், எனக்கும் இருக்கிறது. அதன் பிறகு ஆறு வருடம் அது ஷெட்டில் துணி போர்த்திக்கொண்டு கிடந்தது. உன் அம்மா பயலைப் பார்த்துக்கொள்ள உன்னிடம் கிளம்பிப் போன இரண்டாவது வாரம் அந்தத் துணியை எடுத்தேன். வேறு எந்தக் காரணமும் இல்லை, கையைச் சும்மா வைத்துக்கொண்டிருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

அந்தக் காருக்கு உரிய இன்ஜின் எங்கே தேடியும் கிடைக்கவில்லை. பழைய வண்டி உடைக்கும் கடைக்காரர், பேக்கரிக்கு ரொட்டி ஏற்றிக்கொண்டிருந்த சின்ன லாரி ஒன்று வந்திருக்கிறது, உடம்பெல்லாம் துரு, ஆனால் இன்ஜின் மட்டும் நேற்று வாங்கியது மாதிரி இருக்கிறது என்றார். ஓட விட்டுச் சத்தத்தைக் கேட்டுப் பார்த்தேன். சாவியைத் திருப்பின முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. முப்பது வருடத்துக்கு மேல் லாரிப் பட்டறையில் குனிந்து கிடந்தவனுக்கு அந்தச் சத்தம் எப்படி இருக்கும் சொல். பந்தயத்துக்குப் பிறந்த கார் அது, ரொட்டி சுமந்த டீசல் இன்ஜின் இது, இரண்டுக்கும் ஜாதகம் பார்த்தால் பத்துக்கு ஒன்றுகூடப் பொருந்தாது. கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, சாருக்கு வீட்ல போர் அடிக்குதா என்று கேட்டார். இன்ஜினை வண்டியில் ஏற்றச் சொன்னேன்.

வேலையைப் பற்றி விவரமாக எழுதினால் நீ கொட்டாவி விடுவாய், ஆனாலும் கொஞ்சம் எழுதத்தான் வேண்டும், கடைசியில் அதில்தான் விஷயம் இருக்கிறது. பழைய இன்ஜினை நான் ஒருவனே செயின் பிளாக் போட்டுத் தூக்கிவிட்டேன். இது அதைப்போல இரண்டு மடங்கு கனம், உயரமும் அதிகம். முன்னால் வைத்தால் காரின் மூக்கு தரையைத் தொடும், பானட் மூடாது. அதனால் எவ்வளவு பின்னால் தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளி, எவ்வளவு இறக்க முடியுமோ அவ்வளவு இறக்குவது என்று முடிவு செய்தேன். அதற்கு இன்ஜினுக்கும் ஆள் உட்காரும் இடத்துக்கும் நடுவில் இருக்கும் தகட்டுச் சுவரை வெட்ட வேண்டியிருந்தது. ஸ்டியரிங்கும் பெடலும் இருக்கும் பக்கத்தில் கை வைக்க முடியாது. அதனால் லாரியின் அந்தப் பெரிய கியர் பாக்ஸ், செல்ஃப் மோட்டார், புகைக்குழாய் எல்லாவற்றையும் மற்றப் பக்கத்துக்கு ஒதுக்கினேன். அளந்து அளந்து வெட்டினேன். அங்கே இருந்த சீட்டைக் கழற்றி அலமாரி மேல் வைத்துவிட்டு, அந்த இடத்தில் முட்டி போட்டு உட்கார்ந்துதான் நாலு மாதம் வேலை செய்தேன். பானட் கச்சிதமாக மூடியது, முன்னும் பின்னும் எடை சரியாக நின்றது. என் கை செய்த வேலையிலேயே இதுதான் ஒசத்தி என்று எனக்கு ஒரு கர்வம் வந்துவிட்டது. உன் அம்மாவை விமான நிலையத்திலிருந்து இந்தக் காரில்தான் கூட்டி வரப்போகிறேன் என்று தெருவில் எதிர்ப்பட்டவரிடம் எல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

வீட்டு நிலவரம் கேட்பாய். தண்ணீர் ஒழுகின குழாயை மாற்றிவிட்டேன். பின்பக்கத்து ஜன்னல் இன்னும் இறுகிக்கொண்டுதான் இருக்கிறது. ஒரு ஆளுக்குச் சமைப்பது ஒரு கலை, எனக்கு அது வரவில்லை, செய்தது மூன்று வேளைக்கு வருகிறது, மூன்றாவது வேளை அதன் முகத்தில் நானும் என் முகத்தில் அதுவும் விழிக்க விருப்பமில்லாமல் விழிக்கிறோம். ஷெட்டிலிருந்து வீட்டுக்குள் வரும்போது, வந்துட்டேன் என்று சொல்லிக்கொண்டேதான் வருகிறேன், நாக்குக்குப் பழகிவிட்டது. ரத்த அழுத்த மாத்திரையை முன்பு மாதத்துக்கு மொத்தமாக வாங்குவேன். இப்போது நாலு நாலாக வாங்குகிறேன், அடிக்கடி கடைக்குப் போகலாம், அங்கே இருக்கும் பெண் எப்படி இருக்கீங்க சார் என்று கேட்கும். உன் அம்மாவின் செருப்பு வாசலில் அவள் விட்டுப்போன இடத்திலேயே இருக்கிறது, தூசி தட்டி மறுபடியும் அங்கேயே வைக்கிறேன்.

போன மாதம் ஒரு காலைப்பொழுதில் கார் கிளம்பியது. ஷெட்டின் தகரம் எல்லாம் ஆடியது. தெரு முனை வரைக்கும் போய், பெரிய ரோட்டில் ஏறி, ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். எண்பதுக்கு மேல் போக மாட்டேன் என்கிறது, லாரி இன்ஜின் அல்லவா, அதற்கு ஓட்டம் தெரியாது, இழுக்கத்தான் தெரியும். உன் பந்தயக் காரை இப்போது சைக்கிள் தவிர எல்லாரும் முந்திப் போகலாம், ஆனால் கயிறு கட்டினால் ஒரு வீட்டையே இழுத்து வரும். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்து கதவைத் திறந்து, ஏய், ஓடுது என்று சத்தமாகச் சொன்னேன். சொன்ன பிறகுதான் உள்ளே யாரும் இல்லை என்பது உறைத்தது. உனக்கு ஃபோன் செய்யலாம் என்றால் அங்கே நீங்கள் தூங்கும் நேரம். கையில் சாவியோடு நடுக்கூடத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். சந்தோஷத்தைச் சொல்ல ஆள் இல்லாவிட்டால் அது இவ்வளவு கனமாக இருக்கும் என்று எனக்கு இந்த வயதில்தான் தெரிந்தது.

மறுநாள் தையல்காரர் வந்தார், உனக்குப் பள்ளிச் சீருடை தைத்தவர்தான், இப்போது வண்டி சீட்டு உறையும் தைக்கிறார். இரண்டு சீட்டுக்கு வேண்டிய பஞ்சும் துணியும் நான் சொன்னபடி கொண்டு வந்திருந்தார். கதவைத் திறந்து உள்ளே பார்த்தார். இந்தப் பக்கம் கியர் பாக்ஸே உக்காந்திருக்கே சார், வீட்டம்மா எங்க உக்காருவாங்க என்று கேட்டார். கிண்டல் இல்லை. கழுத்தில் இஞ்ச் டேப்பைப் போட்டுக்கொண்டு, தன் தொழில் கேள்வியாகச் சாதாரணமாகக் கேட்டார். நான் அலமாரியிலிருந்து அந்தச் சீட்டை இறக்கி, எப்படி எப்படியோ திருப்பி வைத்துப் பார்த்தேன். சீட்டே நிற்கவில்லை, அப்புறம் கால் எங்கே நீட்டுவது. அவர் தன் தொழிலில் முதலில் ஆளை அளந்துவிட்டுத்தான் துணியை வெட்டுவாராம். நான் இன்ஜினை அளந்தேன், கியர் பாக்ஸை அளந்தேன், அச்சை அளந்தேன். ஆளை அளக்கவில்லை. அவளைக் கூட்டி வரத்தான் இந்தக் கார் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு, ஒரே ஒரு ஆள் மட்டும் போகக்கூடிய காரைச் செய்து வைத்திருக்கிறேன். எட்டு மாதத்தில் நான் அப்படி ஆகிவிட்டேன் கண்ணு. அது எனக்குப் பிடிக்கவில்லை, பயமாகவும் இருக்கிறது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மூன்று மாதம் என்றுதான் உன் அம்மா அங்கே வந்தாள், அது ஆறானது, எட்டானது. போன வாரம் நீ ஃபோனில், குழந்தை காப்பகத்துக்குப் போற வரைக்கும் இன்னும் ஆறு மாசம் அம்மா இருக்கட்டுமாப்பா, நீங்க சமாளிச்சுக்குவீங்கல்ல என்று கேட்டாய். ஓ, தாராளமா, எனக்கு என்ன குறை என்றேன். பிறகு உன் அம்மா ஃபோனை வாங்கி, நிஜமாவா என்று கேட்டாள். நிஜமாத்தான் என்றேன். அவள், மாத்திரை போட்டீங்களா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். நான் சொன்னது பொய். நான் சமாளிக்கவில்லை. விளக்கு எரிவது தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு ஓட்டுவது உனக்கு எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிந்திருக்கும். உன் கஷ்டமும் எனக்குத் தெரியும், கைக்குழந்தையை வைத்துக்கொண்டு வேலைக்குப் போகிறவளிடம் இப்படி எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். மாப்பிள்ளையோடு கலந்து பேசி வேறு ஏற்பாடு செய்ய முடியுமா பார். உன் அம்மாவிடமும் ஒரு வார்த்தை கேள், அவள் மனதில் என்ன இருக்கிறது என்று நாம் இரண்டு பேருமே கேட்கவில்லை. அவள் இருக்கிறேன் என்றால் இருக்கட்டும், நான் முகம் சுளிக்க மாட்டேன். வருகிறேன் என்றால் அனுப்பி வை.

காரை மறுபடி பிரித்துவிட்டேன். இன்ஜினை முன்னால் அரை அடி தள்ளிவிட்டேன். இனி பானட் மூடாது, அதில் ஓட்டை போட்டு மேலே ஒரு தகரப் பெட்டி வைக்க வேண்டும், மூக்கு கனத்து, வளைவில் மாடு மாதிரித்தான் திரும்பும். பரவாயில்லை. பயலுக்குக் காது குளிராமல் பார்த்துக்கொள், நீ வேளைக்குச் சாப்பிடு, உங்கள் வண்டிக்கு ஆயில் மாற்றினாயா என்று பார். மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். நீங்கள் மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல் நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும், அது ஒன்றுதான் என் வேண்டுதல்.

மறக்காமல் ஒரு காரியம் செய். உன் அம்மாவைச் சாப்பாட்டு மேஜை நாற்காலியில் நிமிர்ந்து உட்காரச் சொல்லி, முதுகிலிருந்து முழங்கால் வரைக்கும், முழங்காலிலிருந்து குதிகால் வரைக்கும் டேப் வைத்து அளந்து எழுது. எதற்கு என்று கேட்டால் இந்தக் கடிதத்தைக் கொடுத்துவிடு. எத்தனையோ லாரிகளின் அச்சு நீளம் எனக்கு மனப்பாடம், முப்பத்து மூன்று வருடம் பக்கத்தில் இருந்தவளின் கால் எவ்வளவு நீளம் என்று தெரியவில்லை. அந்தப் பக்கத்துத் தரைத் தகட்டை இன்னும் வெல்டிங் வைக்கவில்லை. அளவு வந்த பிறகுதான் வைப்பேன்.

அன்புள்ள
அப்பா