காலஞ்சென்ற தையற்காரர்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கு எல்லோரும் சுகம் என்று தொடங்குவதுதான் வழக்கம். இந்த முறை அந்தப் பொய்யைச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. நீ தொலைபேசியை எடுப்பதையும் நிறுத்திவிட்டாய், அதனால்தான் கடிதம்.

உன் அகராதியின், அச்சுக்குப் போகுமுன் பார்க்கிற திருத்தப்படி வந்தது. 'இருத்தல்' என்ற ஒரே சொல்லுக்கு ஒரு பக்கம் முழுக்க! உட்காருவதுதான் அதன் பழைய பொருள், பிறகு ஓரிடத்தில் தங்குவதாகி, கடைசியில்தான் உயிரோடு உலகத்தில் இருப்பதைக் குறிக்க வந்தது என்று அழகாக எழுதியிருக்கிறாய். அப்பாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. படுக்கையில் தலையணையை முட்டுக்கொடுத்து உட்கார வைக்கச் சொன்னார். "முழுசா படிம்மா, ஒண்ணும் விடாதே" என்றார்.

நானும் மடச்சி மாதிரி சத்தமாகப் படித்தேன். ஒவ்வொரு பொருளுக்கும் யாராவது நிஜமாகப் பேசிய வாக்கியத்தைச் சான்றாகப் போடுவது உங்கள் அலுவலக வழக்கமாமே. கடைசிப் பொருளுக்கு அப்பா எப்போதோ உன்னிடம் தொலைபேசியில் பேசியதைப் போட்டிருந்தாய். "ஏதோ இருக்கேன்ப்பா, நீ எப்ப வர்றே?" என்று கேட்டார். அதில் பின்பாதியை வெட்டிவிட்டாய். அது போகட்டும். சொன்னவர் யார் என்ற இடத்தில் 'காலஞ்சென்ற தையற்காரர்' என்று இருந்தது. வாயை மூடுவதற்குள் படித்துத் தொலைத்துவிட்டேன்.

அன்றைக்கே தொலைபேசியில் உன்னைப் பிடித்துக் கேட்டதற்கு, "அச்சாகி வர ரெண்டு வருஷம் ஆகும்க்கா, அப்புறம் திருத்த முடியாது, அதான்" என்றாய். அடப்பாவி! அம்மா உன்னை அகராதி பிடித்தவன் என்று திட்டும்போதெல்லாம் உனக்குப் பரிந்துகொண்டு போனேனே, என்னைச் சொல்ல வேண்டும்.

அப்பா கோபித்திருந்தால்கூட ஆறியிருக்கும். சிரித்தார். "வளர்ற பிள்ளைக்கு ரெண்டு விரல் கூடுதலா விட்டுத் தைக்கிறதில்லையா, அந்த மாதிரி முன்யோசனையாப் போட்டிருக்கான். என் பிள்ளை வேலையில சுத்தம்" என்று மருத்துவரிடம் வேறு பெருமை அடித்துக்கொண்டார். அன்றிலிருந்து மாத்திரையைக் கன்னத்தில் அடக்கி வைத்து, நான் திரும்பியதும் துப்பிவிடுகிறார். சாப்பாடும் வேண்டாமாம். நேற்று அதட்டினேன். "புத்தகம் வந்தப்புறமும் நான் இருந்தா அவனுக்குத்தானே கெட்ட பேரு" என்றார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை தம்பி, முகத்தைப் பார்த்தேன். இப்படியே விட்டால் உடம்பு தாங்காது என்று மருத்துவரும் சொல்லிவிட்டார்.

நான் சொன்னால் எடுபடவில்லை. என் பேச்சுக்கு இந்த வீட்டில் என்றைக்கு மதிப்பு இருந்தது? நீ வந்து, அவர் கண்ணெதிரில் அந்த வார்த்தையை அடித்துக் காட்டினால் ஒருவேளை வாயைத் திறப்பார். திருத்திய பக்கத்தைத் தபாலில் அனுப்பி வைக்காதே. நீயே வா.

வேலை இருக்கிறது, வர முடியாது என்றால் அதையும் எழுதிவிடு. நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். கொஞ்ச நாள் பொறுத்துக்கொண்டால் போதும், நீ போட்டதில் ஒரு பிழையும் இருக்காது.

உடம்பைப் பார்த்துக்கொள். நீயாவது வேளாவேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அக்கா