ஆயாவுக்குச் சீட்டு வேண்டாம்

சிவகாசி
18-5-1959

ஆண்டவருடைய தயவால் சென்னைப் பட்டணத்தில் சுகமாயிருக்கிற என் தம்பி பால்துரைக்கும், அவன் சம்சாரம் இன்பத்துக்கும், கண்ணுக்குள்ளேயே நிற்கிற பாப்பாவுக்கும் ஞானபூரணி எழுதிக்கொண்டது. நான் இங்கே சுகம். உங்கள் சுகத்துக்காகத் தினமும் ஜெபிக்கிறேன்.

உன் கடிதம் சனிக்கிழமை வந்து சேர்ந்தது. இன்பத்துக்குப் பள்ளிக்கூட வேலை உறுதியாகிவிட்டது என்று வாசித்ததும் மனம் நிறைந்துவிட்டது. அந்தப் பிள்ளை எவ்வளவு நாளாகக் காத்திருந்தது. ஜூன் மாதம் பள்ளி திறக்குமுன் நான் வந்துவிட வேண்டும், பாப்பாவைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை என்று எழுதியிருக்கிறாய். ஏன் பாதியில் கிளம்பினாய், இன்பம் ஏதும் சொல்லிவிட்டாளா என்றும் கேட்டிருக்கிறாய்.

இன்பம் ஒன்றும் சொல்லவில்லை. அவளை ஒரு வார்த்தை கேட்டுவிடாதே. ரயில் ஏற்றிவிட வந்தபோதுகூட என் கையைப் பிடித்துக்கொண்டு, "மதினி, என்னாலதான் போறீகளா" என்று அழுதாள். இல்லை என்று சொன்னேன். வேறு காரணத்தை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உனக்கும் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். நீ அவளைச் சந்தேகப்படுகிறாய் என்று தெரிந்தபின் எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதலில் ஊர்ச் செய்தி. இங்கே இன்னும் மழை இல்லை. கிணற்றில் தண்ணீர் அடிக்குப் போய்விட்டது. தீப்பெட்டி ஆபீஸில் என்னைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். கணக்குப்பிள்ளை காளிராஜ் அண்ணாச்சி, "பட்டணத்துக்கே போறேன்னு பெட்டியெல்லாம் கட்டிட்டுப் போனீக, மாசம் முடியுமுன்ன வந்து நிக்கீகளே" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கேட்டார். பட்டணத்துத் தண்ணீர் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றேன். கோயிலிலும் அதையேதான் சொன்னேன். குச்சி அடுக்குவதில் என் இடத்துக்கு வேறு பெண் வந்துவிட்டாள். எனக்கு லேபிள் ஒட்டுகிற வேலை. உட்கார்ந்து செய்வதுதான், கஷ்டமில்லை.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன்.

நான் கிளம்பியதற்குக் காரணம் நாம் போன அந்த நாடகம்தான். அதற்கு ஆசைப்பட்டது நான்தான், தம்பி. நம் தெரு பெத்தணன் வேலை பார்க்கிற அச்சகத்தில் அதன் சுவரொட்டி அச்சானது. மை இழுசிப்போன ஒன்றை எனக்குக் கொடுத்திருந்தான். நீலத் தலைப்பாகை கட்டிய ராஜா படம். அதை டிரங்குப் பெட்டிக்கு அடியில் விரித்திருந்தேன். உன் வீட்டுக்கு வந்து துணிகளை வெளியே எடுத்தபோது நீ பார்த்துச் சிரித்தாய். "ஏக்கா, இந்த டிராமா இங்கனதான் நடக்கு. ஒன்னையக் கூட்டிட்டுப் போறேன்" என்றாய். போதும் என்று நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். ஒரு சின்னப் பிள்ளை மாதிரி எப்போது, எப்போது என்று கேட்டுக்கொண்டே இருந்தேன்.

நீ எத்தனை பாடுபட்டாய் என்று எனக்குத் தெரியும். ஆபீஸ் விட்டு நேராகக் கொட்டகைக்குப் போய்ப் பார்த்தாய். குறைந்த வகுப்புச் சீட்டெல்லாம் தீர்ந்துபோய், நாற்காலிச் சீட்டு மட்டும் யானை விலைக்கு இருந்தது. வெளியே ஒருவன் பாதி விலைக்குத் தருகிறேன் என்று கொடுத்த சீட்டு முந்தின நாளுக்கு உரியது. இன்பம் தேதியைப் பார்த்துச் சொன்ன பிறகுதான் தெரிந்தது. நான் வேறு, "நோட்டீஸ் நம்ம ஊர்ல அடிச்சது, ஊர்ப்பேரைச் சொல்லிக் கேட்டுப் பாரேன்" என்று சொல்லப்போக, நீயும் கேட்டிருக்கிறாய். சன்னலில் இருந்தவன், சிவகாசிக்காரர்களுக்கெல்லாம் இனாமாகக் காட்டினால் நாடகக்காரர்கள் வெடி கட்டத்தான் போக வேண்டும் என்று சிரித்தானாம். அதை நீ வீட்டில் வந்து சொல்லி எல்லோரும் சிரித்தோம். நீ மட்டும் முழுசாகச் சிரிக்கவில்லை.

பிறகுதான் உன் ஆபீஸ் ஊழியர் மன்றத்தில் மொத்தமாகச் சீட்டு வாங்கி அரை விலைக்குக் கொடுக்கிறார்கள் என்று வந்து சொன்னாய். ஊழியர், மனைவி, பிள்ளைகள். அதற்குமேல் கிடையாது. அக்காள் தங்கச்சி குடும்பக் கணக்கில் வரமாட்டார்கள். ஆனால் கைக்குழந்தையைத் தூக்கிவரும் ஆயாவுக்குச் சீட்டு வேண்டாம், சும்மாவே விடுவார்கள் என்று கடைசியில் சொன்னாய். சொல்லிவிட்டு நீ கையில் இருந்த செய்தித்தாளைப் பார்த்தாய்.

"அதுக்கென்ன, பாப்பாவை நான் தூக்கிட்டு வாரேன்" என்று சொன்னது என் வாய்தான். இன்பம், "வேண்டாம் மதினி, நல்லாயில்ல" என்றாள். அவளைக் கையமர்த்தியதும் நான்தான். நீ ஒன்றும் சொல்லவில்லை. அதனால் உன்மேல் பழி போட எனக்கு வழியில்லை. நான் போடவும் இல்லை.

புறப்படும்போது, நீ முதல் சம்பளத்தில் எடுத்துத் தந்த அரக்குப் பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தேன். நீ பார்த்துவிட்டு, "கூட்டத்துல பட்டு கசங்கிரும்க்கா" என்றாய். சரி என்று உள்ளே போய் வீட்டில் உடுத்துகிற நீலச் சேலைக்கு மாறிக்கொண்டேன். கசங்கும் என்பதற்காக நீ சொல்லவில்லை என்று எனக்கும் தெரியும், எனக்குத் தெரியும் என்று உனக்கும் தெரியும். அந்த நிமிஷமே தலை வலிக்கிறது என்று நான் வீட்டில் தங்கியிருக்கலாம். ராஜாவைப் பார்க்கும் ஆசை விடவில்லை.

வாசலில் என்னைப் பக்கவாசலுக்குப் போகச் சொன்னார்கள். நீங்கள் இருவரும் முன்னால் போய்விட்டீர்கள். அதற்குப்பின் நடந்தது முழுவதும் உனக்குத் தெரியாது. அதைத்தான் எழுத வேண்டும்.

பின்னால் ஒரு தூணுக்குப் பக்கத்தில் ஆயாக்களுக்கு ஒரு பெஞ்சு போட்டிருந்தார்கள். தூண் மேடையில் பாதியை மறைத்தது. என் பக்கத்தில் இருந்தவள் மாரித்தாய். உன் மேலதிகாரி வீட்டில் வெகுகாலமாக இருக்கிறவளாம். நான் பாப்பாவிடம் இரண்டு வார்த்தை பேசியதுமே, "நீங்க நம்ம பக்கமா? எனக்குச் சாத்தூரு" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். பட்டணத்தில் நம் ஊர்ப் பேச்சைக் கேட்டு எனக்கும் சந்தோஷமாக இருந்தது. எந்த வீட்டில் வேலை என்று கேட்டாள்.

"பால்துரை அய்யா வீட்டுல" என்று சொன்னேன், தம்பி.

நீ தவழ்கிறபோது அம்மா போய்விட்டாள். இந்த இடுப்பில்தான் வளர்ந்தாய். உன்னை அய்யா என்று சொல்ல எனக்கு ஒரு தடுமாற்றமும் வரவில்லை. அவ்வளவு சுலபமாக வந்தது. அது இன்றைக்கும் உடம்பைக் கூச வைக்கிறது.

பாப்பா நடுவில் "அத்தை, அத்தை" என்று என் முகத்தைத் திருப்பினாள். மாரித்தாய், "ஆயாவை அத்தைன்னு கூப்பிடப் பழக்கியிருக்காகளே, நல்ல மனுசங்கதான்" என்றாள். பிறகு சம்பளம் எவ்வளவு என்று கேட்டாள். "சோறு போட்டு, வருசத்துக்கு ரெண்டு சேலை எடுத்துக் குடுப்பாக" என்றேன்.

அவளுக்கு நாடகம் மறந்துபோயிற்று. "சம்பளமே இல்லாமயா? ஏக்கா, பிள்ளையும் பாத்து, வீட்டு வேலையும் பாத்து, சும்மாவா இருக்கீக? வாய் தொறந்து கேக்கப்படாதா? நாளைக்கு முடியாமப் போனா யாரு பாக்குறது?" என்று என் கையைத் தடவித் தடவிக் கேட்டாள். தீப்பெட்டிப் பசையும் மருந்தும் பட்டுத் தடித்த கையைப் பார்த்து, இதுவும் உன் வீட்டு வேலையால் ஆனது என்று நினைத்துக்கொண்டாள். மேடையில் யாரோ அழுதுகொண்டிருந்தார்கள். நான் மாரித்தாயின் பரிதாபத்தைச் சகிக்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன். அதுவரை நான் அப்படி நினைத்தவளே இல்லை. தம்பி வீட்டுக்குப் போகிறேன் என்றுதான் பெட்டியைக் கட்டினேன்.

இடைவேளையில் நடந்தது உனக்குத் தெரியும். உன் மேலதிகாரியும் அவர் சம்சாரமும் பிள்ளையைப் பார்க்க வந்தபோது நீயும் கூட வந்தாய். மாரித்தாய் எழுந்து, "அய்யா, தப்பா நினைக்கப்படாது. இந்த அக்கா வாயில்லாப் பூச்சி. ஒரு சம்பளத்தைப் போட்டுக் குடுங்க, புண்ணியமாப் போகும்" என்று உன்னிடம் சொல்லிவிட்டாள். மேலதிகாரி வீட்டம்மா சிரித்துக்கொண்டு, நல்ல ஆயா கிடைப்பது கஷ்டம், விட்டுவிடாதீர்கள், ஒரு நாள் உங்கள் வீட்டுக்கு வருகிறோம் என்றார்கள்.

நீ "பார்க்கலாம்" என்றாய்.

வேறு என்ன சொல்லியிருக்க முடியும் உன்னால்? அந்த இடத்தில் அக்கா என்று சொன்னால், மன்றத்தை ஏமாற்றிக் கூட்டிவந்தது தெரிந்துபோகும். உன் பதவி உயர்வு அவர் கையில் இருக்கிறது. இதெல்லாம் எனக்குப் புரியாததா? நான்தான் அதற்குமேல் போனேன். உன்னைப் பார்த்துக் கும்பிட்டு, "சரிங்கய்யா" என்றேன். உன்னைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துத்தான் சொன்னேன். அப்போது உன் முகம் போன போக்கைப் பார்த்தபின்தான், காப்பாற்றவில்லை என்று தெரிந்தது.

வீட்டுக்கு வந்து நீ சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்றாய். அதற்குப்பின் நான் கிளம்புகிறவரை நீ என்னை எந்த முறை சொல்லியும் கூப்பிடவில்லை. காபி வேண்டுமா என்பாய், குடை எங்கே என்பாய். முன்னால் அக்கா என்று வராது. நீ என்மேல் கோபமாக இல்லை. உனக்கு வாய் வரவில்லை, அவ்வளவுதான். என் முகத்தைப் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் உனக்கு அந்தக் கொட்டகைதான் ஞாபகம் வந்தது. சாப்பாட்டுத் தட்டைவிட்டுத் தலை நிமிராத ஒரு ஆண்பிள்ளைக்கு எப்படி நான் பரிமாறுவது? அதனால் கிளம்பினேன். கோபத்தில் இல்லை, வெட்கத்தில்.

இங்கே வந்த அன்றே பெத்தணன் வந்து, "ராசா முகம் நாங்க போட்ட கலர்லயேவா இருந்துச்சு" என்று ஆசையோடு கேட்டான். அச்சு அசல் அப்படியே இருந்தது என்றேன். எந்த இடத்தில் உட்கார்ந்தீர்கள் என்றான். முன் வரிசை நாற்காலி என்றேன். அதைத் தெரு முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறான். இப்போது ஆபீஸில் லேபிள் ஒட்டுகிற பெண்கள் கதை கேட்கிறார்கள். நானும் பாதி பார்த்ததும் பாதி கட்டியதுமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சரி, பாப்பா விஷயம். நான் ஜூனில் வர முடியாது, தம்பி. அந்த அம்மா ஒரு நாள் உன் வீட்டுக்கு வந்தால் நான் யாராக இருப்பது? இதை நீயும் யோசித்திருப்பாய். யோசித்து, எழுதாமல் விட்டிருப்பாய்.

ஆனால் உங்களை அப்படியே விட்டுவிடவில்லை. மாரித்தாய்க்கு ஒரு தங்கச்சி உண்டு என்று அன்றைக்கே சொல்லியிருந்தாள். முத்துமாரியம்மாள் என்று பெயர். நேற்று ஞாயிறு ஆராதனை முடிந்து பஸ் ஏறிச் சாத்தூருக்குப் போய்ப் பார்த்தேன். புருஷன் இல்லாதவள், பிள்ளை இல்லை, சுத்தமாக இருக்கிறாள், சிரித்த முகம். பட்டணம் வரச் சம்மதம் என்றாள். யாரிடம் வேலை செய்கிறாயோ அவரிடம் சம்பளம் பேசி முடித்துக்கொண்டுதான் ரயில் ஏற வேண்டும் என்று அவளுக்குச் சொல்லியிருக்கிறேன். இன்பத்துக்கு வருகிற சம்பளத்தில் அதைக் கொடுக்கலாம். மனசார நல்லதாகக் கொடு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தப் பெண், எந்த வீடு என்று கேட்டாள். அய்யா வீடு என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். முடியவில்லை. "என் தம்பி வீடு" என்று சொல்லிவிட்டேன். அவளும் என்னைப் பார்த்து, "அப்ப நீங்க அத்தையா" என்றாள். ஆமாம் என்றேன். அவள் அங்கே வந்தால் அது மாரித்தாய் காதுக்குப் போகும். மாரித்தாய் வாய் சும்மா இருக்காது என்று நீயே பார்த்தாய். அங்கிருந்து உன் மேலதிகாரி வீட்டுக்குப் போக வெகுநேரம் ஆகாது.

அதனால் அதற்கு முந்தி நீயே அவரிடம் போய்ச் சொல்லிவிடு, ராஜா. மன்றத்துக்குச் சேர வேண்டியதைக் கட்டிவிட்டு, அன்று வந்தது என் அக்கா, நான்தான் தப்புச் செய்தேன் என்று சொல். நான் சொல்லிக்கொடுத்துச் செய்தது என்றும் சேர்த்துச் சொல், அது உண்மைதான். மனுஷர் நல்லவராகத்தான் தெரிந்தார். ஒருவேளை உன் உயர்வு தள்ளிப்போகலாம். அதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வரவில்லை. சொல்ல முடியாது என்று உனக்குத் தோன்றினால் ஒரு கார்டு போடு, முத்துமாரியம்மாளை வர வேண்டாம் என்று தடுத்துவிடுகிறேன். காரணம் கேட்க மாட்டேன். வெளியே யாருக்கும் தெரியாது. உன் இஷ்டம்.

எதுவானாலும் எனக்கு உன்மேல் குறையில்லை. இதை எழுதி முடிக்கிறபோதும் இல்லை.

இன்பம் வேலையில் சேருகிற நாளில் இங்கே கோயிலில் அவளுக்காகக் காணிக்கை வைப்பேன். பாப்பாவுக்கு வேர்க்குரு வந்திருந்தால் சந்தனம் அரைத்துப் போடுங்கள். வெயிலில் அலைய விடாதீர்கள். ஆண்டவர் உங்கள் மூவர் தலைமேலும் கை வைத்துக் காப்பாராக. வருகிற கிறிஸ்துமஸுக்கு எல்லோரும் இங்கே வாருங்கள். ராத்திரி ரயிலில் வந்து விடியுமுன் சேர்ந்தாலும் சங்கடப்படாமல் கதவைத் தட்டு. கதவைத் தட்டினால் மட்டும் போதாது தம்பி, தெருவே கேட்கிற மாதிரி என்னைக் கூப்பிடு.

உன் அக்கா,
ஞானபூரணி