ஒண்ணும் தெரியல

ஜூன் 4
எங்கள் ஆய்வக இயக்குநர் கூப்பிட்டு, சனிக்கிழமை வகுப்பை என் தலையில் கட்டிவிட்டார். ஆய்வகத்துக்குப் பின்னால் இருக்கிற குடியிருப்பின் பெண்பிள்ளைகளுக்கு. அங்கே பாதிப் பேர் வீட்டில் இஸ்திரி, மீதிப் பேர் வீட்டில் துப்புரவு வேலை. இதுவரை ஒருத்திகூட அறிவியல் பிரிவு எடுத்ததில்லை. "நீங்களும் அந்த மாதிரி தெருவுலேருந்து வந்தவங்கதானே. உங்களப் பாத்தா அதுங்களுக்கு ஒரு நம்பிக்கை வரும்." 'அதுங்களுக்கு' என்றது சுருக்கென்றது. ஆனாலும் உள்ளுக்குள் பூரிப்புதான். எதற்கு மறைக்கணும்?

ஜூன் 6
முதல் வகுப்பு, பூஞ்சைகளைப் பற்றி. அமர்க்களம். வந்தவர்களில் ஒருத்தி சரியான வாயாடி. பூஞ்சைக்குத் தூக்கம் வருமா என்று கேட்டாள்! கேள்விக்காரி என்று பேரே வைத்துவிட்டேன். மேடையில் இருந்த நுண்ணோக்கியில் அவளையே பார்க்கச் சொன்னேன்.

"என்னம்மா தெரியுது?"

"ஒண்ணும் தெரியல மேடம்."

மைக்கை எடுத்தேன். "ஒண்ணும் தெரியலன்னு ஒத்துக்கவே ஒரு தைரியம் வேணும். நானும் இவள மாதிரி ஒண்ணும் தெரியாமத்தான் வந்தேன். எல்லாரும் கை தட்டுங்க!" தட்டினார்கள். அவள் ஏதோ சொல்ல வந்தாள். கூச்சம் போல என்று முதுகில் தட்டிக்கொடுத்தேன். போட்டோ வேறு எடுத்தார்கள்.

ஜூன் 8
கருவிகளைத் துடைத்துக்கொண்டிருந்த உதவியாளர் கூப்பிட்டார். "மேடம், மேடையில வெச்சிருந்ததுல லென்ஸ் சரியா உக்காரல. லென்ஸ மாத்துற வளையம் ரெண்டு லென்ஸுக்கும் நடுவுல நிக்குது. இதுல பாத்தா வெறும் இருட்டுதான்."

அதைப் பொருத்தியது நான்.

அப்படியென்றால் அவள் — கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை என்றுதானே சொல்லியிருக்கிறாள்? பார்த்ததைப் பார்த்தபடி சொல்லியிருக்கிறாள். நான் என்னவென்று காதில் வாங்கினேன்? ஐயோ.

ஜூன் 9
இதையே இயக்குநரின் மகள் சொல்லியிருந்தால்? உடனே லென்ஸைப் பார்த்திருப்பேன்.

ஜூன் 13
கேள்விக்காரி வரவில்லை. அவள் தோழியைக் கேட்டேன். "வரமாட்டா மேடம். ஸ்கூல்ல எல்லாரும் அவள ஒண்ணுந்தெரியாதவன்னு கூப்பிடுறாங்க. சயின்ஸ் வேணாம், காமர்ஸ் எடுக்கிறேங்கிறா." எந்தப் பிரிவு என்று எழுதிக் கொடுக்கிற நாள் நெருங்குகிறது. வெட்கமா இருக்கு, வேற என்ன சொல்ல.

ஜூன் 14
அவள் வீட்டுக்குப் போனேன். இஸ்திரி மேசையைத் தள்ளிவிட்டு அவள் அம்மா நாற்காலி போட்டார். "உங்க புண்ணியத்துல எம்பொண்ணுக்கு அத்தன பேரும் கை தட்டுனாங்களாமே!" அப்படியே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது.

அவள் நிமிராமல் துணி மடித்துக்கொண்டிருந்தாள். தப்பு என்னுடையது, மன்னிச்சிடும்மா என்றேன்.

"இருட்டா இருக்குன்னு சொல்ல வந்தேன். நீங்க விடல."

"தெரியும்மா."

"இங்க வந்து சொன்னா ஆச்சா மேடம்? அன்னிக்கு மைக்குலதானே சொன்னீங்க?"

ஜூன் 17
சனிக்கிழமை மைக்கிலேயே சொல்லிவிடப்போகிறேன் என்றேன். "சின்ன விஷயத்தப் போய் பெருசாக்காதீங்க. ஆய்வகத்துக்குத்தான் கெட்ட பேரு" — இது இயக்குநர். வீட்டுக்காரர், "மைக்கப் பிடிச்சா விடமாட்டியே, இப்ப மட்டும் என்ன நடுக்கம்?" என்கிறார். கிண்டல்தான். நடுக்கம் நிஜம்.

ஜூன் 20
சொல்லிவிட்டேன். லென்ஸைச் சரியாகப் பொருத்தாதது நான், அவள் சொன்னதுதான் சரி, அந்தத் தெருப் பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது என்று நானே முடிவு கட்டிவிட்டேன் என்று. யாரும் கை தட்டவில்லை. தோழி அழைத்து வந்திருந்தாள் போல, கேள்விக்காரி கடைசி வரிசையில் இருந்தாள். முடிந்ததும் என் பக்கம் பார்க்காமல் எழுந்து போனாள்.

ஜூன் 25
பள்ளித் தலைமையாசிரியை போன் செய்தார். கேள்விக்காரி அறிவியல் பிரிவுதான் எழுதிக் கொடுத்திருக்கிறாள்! நான் வாய் திறப்பதற்குள் அவர் தயங்கினார். "சனிக்கிழமையும் வரேங்கிறா. ஆனா... உங்க வகுப்பு வேணாமாம். பக்கத்துக் கட்டடத்துல வேதியியல் வகுப்புக்குப் போறாளாம்."

"தாராளமா போகட்டும்," என்றேன். போனை வைத்துவிட்டு அழுதேன்.

ஜூன் 27
சன்னல் வழியாகப் பக்கத்துக் கட்டடத்தில் அவள் தெரிந்தாள். கையைத் தூக்கினாள். அந்த வேதியியல்காரர் வந்தார், அவள் சொன்னதைக் கேட்டார், குனிந்து அவள் முன்னால் இருந்த கருவியைத் தானே ஒருமுறை பார்த்தார். அவ்வளவுதான்.

என் வகுப்பில் பிள்ளைகள் காத்திருந்தார்கள்.